மூன்றாம் பெஞ்சில் ஒரு குரல்

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது நான் காதால்தான் வகுப்பைப் பார்த்துக்கொள்வேன். எவன் பேனையை உருட்டுகிறான், எவள் பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளுகிறாள் என்பதெல்லாம் திரும்பாமலே தெரிந்துவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்தக் காதே ஒரு நாள் என்னைப் பாடாய்ப் படுத்தும் என்று யார் கண்டது?

நான் கணக்கு டீச்சர். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். நீளமாக ஒரே மண்டபம், நடுவில் சுவர் கிடையாது, கரும்பலகைகளை நிறுத்தித்தான் வகுப்பு பிரித்திருக்கிறோம். பக்கத்தில் வரலாறு நடந்தால் என் பிள்ளைகளுக்குப் பாதி வரலாறு இலவசம். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்துவிடும், மூடினால் கரும்பலகை தெரியாது. திறக்கவா மூடவா என்பதிலேயே முதல் பாடவேளையில் கொஞ்சம் போய்விடும்.

அந்த வருடத் தொடக்கத்தில் நுவரெலியாவில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். நடத்த வந்தவர் நல்ல மனிதர்தான். பிள்ளைகளில் மூன்று வகை என்றார். கண்ணால் படிக்கிறவர்கள், காதால் படிக்கிறவர்கள், கையால் செய்து படிக்கிறவர்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சொல்லிக்கொடுப்பது பாவம் என்கிற அளவுக்குப் பேசினார். மத்தியானம் சோற்றுப் பார்சலும், போகும்போது ஆளுக்கொரு சுருள் பிரிஸ்டல் போர்டு அட்டையும் கலர் பேனைகளும் கொடுத்தார்கள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த எனக்கு, காலால் படிக்கிற பிள்ளைகளை அந்த மனிதர் மறந்துவிட்டாரே என்று தோன்றியது. எங்கள் பிள்ளைகள் மலை ஏறி இறங்கி நடந்து வந்து சேர்வதற்குள்ளேயே பாதிப் படிப்பு முடிந்துவிடுகிறது.

வாய்தான் கிண்டல் செய்தது. கை சும்மா இருக்கவில்லை. பிரிஸ்டல் போர்டில் வட்டமும் சதுரமும் வரைந்து தொங்கவிட்டேன். வாய்ப்பாட்டுக்குத் தாளம் போட வைத்தேன், பக்கத்து வகுப்பு வரலாறு சார் தலையில் அடித்துக்கொண்டார். தேயிலைக் கொட்டைகளைப் பொறுக்கி வரச் சொல்லிக் குவியல் குவியலாகப் பிரிக்க வைத்தேன். எதற்கும் வாய் திறக்காத சிலது கொட்டையைக் கையில் எடுத்ததும் பேச ஆரம்பித்தது. அட, அந்த மனிதர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தி வகுப்பிலேயே உயரம். மற்றவளை ஆறாம் வகுப்பு என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். எல்லாரும் அவர்களை நெட்டை, குட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்களும் அதற்குக் கோபப்பட்டதில்லை. தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் அடுத்தடுத்த வீடு, ஒரே பெஞ்சு, மழை வந்தால் ஒரே குடை. நெட்டை கணக்கில் முதல் ஆள். குட்டைக்குக் கணக்கு வராது. வராது என்றால் வரவே வராது.

நான் ஒரு கணக்கைச் செய்து காட்டி முடித்ததும் நெட்டை அவள் பக்கம் சாய்ந்து முணுமுணுவென்று அதையே சொல்வாள். குட்டை மூக்கைச் சுருக்குவாள். நெட்டை வேறு மாதிரிச் சொல்வாள். மறுபடி மூக்கு சுருங்கும். இன்னொரு மாதிரி. என் முதுகுக்குப் பின்னால் இந்த முணுமுணுப்பு ஓயாமல் ஓடும். அங்கே என்ன கச்சேரி என்று அதட்டுவேன், இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும், பிறகு தொடரும். கெட்டிக்காரி ஒருத்தி வராதவளுக்கு உதவுகிறாள், நல்ல மனசு என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பிறகு அந்த மழை வந்தது. விட்டால்தானே! பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். தோட்டத்தை மூடவில்லை, பெரியவர்கள் தலையில் ரப்பர் சீட்டைப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். அந்தக் காலை நேரத்தில் லயத்துக்கு மேலே இருந்த மலை சரிந்து இறங்கியது. லயத்தின் ஒரு முனை மட்டும்தான் போனது. அந்த முனையில் குட்டை காய்ச்சலோடு படுத்திருந்தாள். அப்பா அவளுக்குச் சின்ன வயதிலேயே இல்லை. அம்மா வேலைக்காட்டில் இருந்தார். நெட்டை தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருந்தாள், குடத்தோடு திரும்பி வந்து பார்த்தவள் அவள்தான்.

வீடு இழந்தவர்களை எங்கள் மண்டபத்தில்தான் தங்க வைத்தார்கள். பெஞ்சுகளை வெளியே அடுக்கிவிட்டுப் பாய் விரித்தார்கள். சனம் போன பிறகு பெஞ்சுகளைக் கழுவி, கைக்கு வந்தபடி உள்ளே போட்டோம். எது எங்கே கிடந்தது என்று எனக்கே தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அவர்களே அந்த பெஞ்சைத் தேடி எடுத்து மூன்றாம் வரிசையில் போட்டு, நெட்டைக்குப் பக்கத்து இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். உட்காருங்கள் என்று நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கூரைத் தகரத்தில் நாலு துளி விழுந்தால் போதும், வகுப்பு மொத்தமும் மலையைப் பார்க்கும். நானும் பார்ப்பேன். மழை வலுத்தால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கதை சொல்வேன். கணக்காவது, மண்ணாவது.

மற்றப் பிள்ளைகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். நெட்டைதான் படிப்பில் விழுந்துவிட்டாள். முதல் ஆளாக இருந்தவள் வெற்றுத்தாள் கொடுத்தாள். துக்கம், போகப் போகச் சரியாகும் என்று விட்டேன். சரியாகவில்லை. படம் வரைந்து காட்டினேன், வெறித்துப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பாட்டாகப் பாடாத குறையாகச் சொன்னேன், கேட்டுக்கொண்டாள், அடுத்த நாள் ஒன்றும் இல்லை. கையில் கொட்டைகளைக் கொடுத்தேன், வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அந்தப் பயிற்சிக்காரர் சொன்ன மூன்று வாசலையும் தட்டிவிட்டேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் அந்த முணுமுணுப்பு கேட்டது. பழக்கதோஷத்தில் அங்கே என்ன கச்சேரி என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பினால் நெட்டை காலி இடத்தின் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்வாள், நிறுத்துவாள். யாரோ பதில் சொல்கிற நேரம் அளவுக்குப் பொறுப்பாள். பிறகு அதையே வேறு மாதிரிச் சொல்வாள். சத்தம்கூட எனக்குப் பயமில்லை. அவள் நிறுத்தும் அந்த இடைவெளிக்குத்தான் பயம்.

அன்றிலிருந்து தினமும் நடந்தது. அதிசயம் என்னவென்றால் அவள் கணக்கும் திரும்பி வந்தது. எல்லாமே சரி. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை. எழுதும்போது காதை அடைத்துக்கொள்ளவா முடியும்? வீட்டில் அரிசி களையும்போதுகூட அந்த முணுமுணுப்பு கேட்கிற மாதிரி இருந்தது. அதில் ஒரு குரல்தான் இருக்கிறதா என்று கூர்ந்து கேட்கத் தொடங்கிவிட்டேன். படித்தவள்தான், என்ன செய்ய?

பிள்ளைகள் வாயைக் கட்ட முடியுமா? முன் பெஞ்சு முன்னே நகர்ந்தது, பின் பெஞ்சு பின்னே நகர்ந்தது. சில பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவில்லை. செய்தி நெட்டையின் அம்மாவுக்குப் போனது. அவர் மகளைக் கூட்டிக்கொண்டு, உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடம் போனார். செத்தவளுக்குப் போக மனசில்லை, கூட்டாளியைப் பிடித்துக்கொண்டாள் என்று கோடாங்கி சொல்லிவிட்டார். கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். கயிறு கட்டிய கையோடு அவள் மறுநாளும் காலி இடத்துக்குக் கணக்குச் சொன்னாள்.

பிறகு நெட்டையின் அம்மா என்னிடமே வந்தார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை அவிழ்க்காமலே வந்திருந்தார். செத்தவளுக்கு வழி தெரியாத ஊருக்கு மகளைக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது கோடாங்கியின் வாக்காம். அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தபோது எங்கெங்கே போயிருக்கிறாள் என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஹட்டன் போயிருக்கிறாள். சிவனொளிபாத மலைக்காக நல்லதண்ணிக்கும் ஒருமுறை போயிருக்கிறாள். உடப்புசல்லாவைக்குப் போனதே இல்லை. அங்கே நெட்டையின் மாமா வீடு இருக்கிறது. விடுமுறை விட்டதும் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவாகிவிட்டது.

அங்கே பள்ளிக்கூடம் பஸ் ஏறிப் போகிற தூரம். ஏற்றிவிட ஆளில்லை. போகிற பிள்ளை மாமாவின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு சோறாக்குவாள், அதோடு படிப்பு முடிந்தது. இதை நான் எத்தனை பிள்ளைகளுக்குப் பார்த்திருக்கிறேன்! நான் கத்தினேன். அந்த அம்மா கத்தவில்லை. பெற்ற வயிறு டீச்சர், இருப்பதாவது மிஞ்சட்டும் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் இடைவேளையில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு நெட்டையிடம் நேராகவே கேட்டேன். அவ வர்றாளா?

"இல்ல டீச்சர். அவ செத்துட்டா, எனக்குத் தெரியாதா? நான்தானே மொதல்ல பாத்தேன்."

பிறகு யாருடன் பேசுகிறாய் என்றேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, திக்கித் திக்கிச் சொன்னாள். நான் பலகையில் செய்கிறபோது அவளுக்கு ஒன்றுமே ஏறாதாம். எப்போதுமே ஏறியதில்லையாம். குட்டைக்குச் சொல்லும்போதுதான் அவளுக்கே விளங்குமாம். குட்டை மூக்கைச் சுருக்கினால் தான் சொன்னது சரியில்லை என்று தெரியுமாம், வேறு மாதிரி யோசிப்பாளாம். அப்படி யோசித்து யோசித்துத்தான் கணக்கு வந்ததாம். கணக்கு வராதவள் என்று நான் தள்ளி வைத்திருந்த பிள்ளைதான் என் வகுப்பின் முதல் ஆளை உண்டாக்கியிருக்கிறாள்.

"எல்லாரும் அவ வர்றான்னு பயப்படுறாங்க டீச்சர். எனக்கு அவ வராமப் போயிருவாளோன்னுதான் பயமா இருக்கு. அவ மூஞ்சி மறந்துக்கிட்டு வருது."

நான் உடனே அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தேன். உட்காரும்போது உடம்பு கூசியது, பொய் சொல்வானேன். எனக்குச் சொல்லு என்றேன். அவள் சொல்ல முயன்றாள். முடியவில்லை. உங்களுக்குத் தெரியுமே டீச்சர் என்றாள். தெரிந்தவருக்குச் சொன்னால் வாய் நின்றுவிடுகிறதாம். வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை இழுத்து வந்து உட்கார வைத்தேன். அதுகள் எழுந்து ஓடுவதிலேயே குறியாக, அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் விளங்கியது விளங்கியது என்று தலையாட்டின.

தெரியாத ஆள் வேண்டும். பயப்படாத ஆள் வேண்டும். அந்த இடத்தில் உட்காரப் பயப்படாத ஒரே ஒரு ஆள்தான் அந்தத் தோட்டத்தில் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. வரலாறு சாரிடம் சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்தவரைக் கூப்பிட்டு அங்கே உட்கார வைக்கப் போகிறாயா, உனக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று ஏசினார். அவர் ஏசியது சரிதான். இருந்தும் போனேன்.

குட்டையின் அம்மா உறவுக்காரர் வீட்டில் ஓர் ஓரத்தில் இருந்தார். பிளேன்டீ கொடுத்தார். நான் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. நான் போகலாம் என்று எழுந்தபோதுதான் பேசினார்.

"எம்புள்ள ஒக்காந்த எடத்த நான் பாத்ததே இல்ல டீச்சர். பெத்தவங்க கூட்டத்துக்கு வந்தா அன்னைக்குப் பேரு விழாது, நாள் சம்பளம் போயிருமேன்னு வந்ததே இல்ல."

நெட்டையின் அம்மாவும் இதற்குச் சம்மதித்தார். ஆனால் அவர் கணக்கு வேறு. அந்தப் பிள்ளை அங்கே இருந்தால் பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா, அவர் வந்து பார்த்து, பிள்ளை இருக்கிறாள் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்றார். நானும் சரி என்றுவிட்டேன். ஒரு பிள்ளையின் படிப்பை, துக்கத்தில் இருக்கிற ஒரு தாயின் வாயில் கொண்டுபோய் வைத்துவிட்டேனே என்று அன்று முழுவதும் என்னையே ஏசிக்கொண்டேன்.

கொழுந்து குறைவாக இருந்து அரைநாளோடு வேலை விட்ட ஒரு நாள், பள்ளிக்கூடம் முடிந்த நேரத்துக்கு இருவரும் வந்தார்கள். லேசாக மழை தூறிக்கொண்டிருந்தது. நெட்டையின் அம்மா வாசலைத் தாண்டவில்லை, குடையை விரித்தபடியே நின்றார். குட்டையின் அம்மா மட்டும் உள்ளே வந்தார். எந்த பெஞ்சு என்று நான் காட்ட வேண்டியிருக்கவில்லை, நெட்டை அதில்தான் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மேசைப் பலகையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பிறகு அங்கிருந்து கரும்பலகையைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

வாசலில் நின்ற அம்மாவுக்குப் பொறுமை இல்லை. இருக்கிறாளா, சொல்லு என்று கேட்டார். இருங்க அண்ணி என்றார் இவர். கண்ணை மூடிக்கொண்டார். கூரையில் தூறல் சத்தம் மட்டும் கேட்டது. உண்மையைச் சொன்னால், நானும் அந்த பெஞ்சில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

கண்ணைத் திறந்து, நீ சொல்லு பிள்ளை என்று நெட்டையிடம் சொன்னார்.

அன்றைய பாடம் முக்கோணம். எந்த முக்கோணத்தை எடுத்தாலும் அதன் மூன்று மூலைகளையும் சேர்த்தால் ஒரு நேர்கோடு வந்துவிடும் என்பது. அதைக் கடதாசியில் கிழித்துக் காட்டுவது அந்தப் பயிற்சியில் படித்ததுதான். நெட்டை ஒரு தாளில் முக்கோணம் வெட்டினாள். சின்னம்மா, இதைப் பாருங்க என்று தொடங்கினாள். மூலைகளைக் கிழித்தாள். மூலை என்றால் என்ன, கோடு என்றால் என்ன என்று அவர் கேட்கக் கேட்க, லயத்து வாசல் மூலை, அடுப்பு மூலை என்று இறங்கி வந்து சொன்னாள். வாய் நிற்கவே இல்லை. அந்தக் குரலை நான் அந்தப் பெருமழைக்கு முன்னால் கேட்டது. கேட்டதும் என் கண் நிறைந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சொல்லி முடித்தாள். அவர் கடதாசித் துண்டுகளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"எம்புள்ளைக்கு இதெல்லாம் புரிஞ்சிச்சா?"

ஆமாம் என்று சொல்லித் தொலையேன்டி என்று என் மனசு அடித்துக்கொண்டது. ஒரு பொய்தானே. நெட்டைக்குப் பொய் வரவில்லை.

"இல்ல சின்னம்மா. அவளுக்கு ஒரு தடவையும் புரியல. புரியலன்னு சொல்லுவா, நான் மறுபடி சொல்லுவேன். சொல்லிச் சொல்லித்தான் எனக்கு வந்துச்சு."

கொழுந்துச் சாயம் ஏறிய விரல்களால் அவர் ஒரு துண்டை மேசையில் வைத்தார். அதை ஒட்டி இன்னொன்றை வைத்தார். மூன்றாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொருத்தினார். கீழே கோடு போட்ட மாதிரி நேராக வந்துவிட்டது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அண்ணி, இங்க எம்புள்ள இல்ல," என்றார் வாசலைப் பார்த்து. "இது வெறும் எடம். ஒங்க புள்ளைய எங்கயும் கூட்டிட்டுப் போயிறாதீங்க."

நெட்டையின் அம்மா குடையை மடக்கினார். படியேறி உள்ளே வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு பின் பெஞ்சில் உட்கார்ந்தார்.

குட்டையின் அம்மா நேராகச் சேர்ந்திருந்த மூன்று துண்டுகளையும் விரலால் கலைத்துவிட்டார். நெட்டையின் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் புரியல புள்ள," என்றார். "மறுபடி சொல்லு."